எட்டு யூனிட்டுக்குள்

மின்கட்டண ரசீதை மாமா சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தார். மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க உப்பு ஜாடியை அதன் மேல் தூக்கி வைத்தார்.

"நாலு மாசமா ஏறிட்டே போகுது. யாரு வயித்துக்குள்ள போகுது இந்த கரண்ட்டு?"

கேள்வி அம்மாவுக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

வீடு மாமா, அம்மா இருவர் பெயரிலும் இருக்கிறது. ஒருவரைக் கேட்காமல் மற்றவர் சுவரில் ஆணிகூட அடிப்பதில்லை. தரைத் தளத்தில் மாமாவும் அத்தையும். முதல் மாடியில் அம்மாவும் நானும். இரண்டாவது மாடியில் இரண்டு குடித்தனங்கள். முன்பக்கம் அயர்ன்காரரும் அவர் மனைவியும். பின்பக்கம் டீச்சரும் அவருடைய அப்பாவும். கட்டடம் முழுவதற்கும் ஒரே மின் மீட்டர். தண்ணீர், மின்சாரம் எல்லாம் வாடகையிலேயே அடக்கம். அப்படித்தான் ஆரம்பத்திலிருந்து.

"ஒரே மீட்டர்ல எல்லாரும் இழுத்தா மேல் விகிதத்துல போட்டுத் தாக்குறான்" என்றார் மாமா. "கடையில ஒரு டப்பா பெயின்ட் வித்தா எனக்கு என்ன நிக்குதுன்னு உனக்குத் தெரியும். அவங்கவங்க கரண்ட்டுக்கு அவங்கவங்க கட்டட்டும். இதுல என்ன தப்பு?"

"தப்புன்னு சொல்லல அண்ணா. டீச்சர் காலி பண்ணிட்டா? ரெண்டு வருஷமா ஒரு சத்தம் இல்ல, ஒரு பாக்கி இல்ல. அப்படி ஒரு குடித்தனம் மறுபடி கிடைக்குமா?"

"சத்தம் இல்லையா? நீ ரெண்டாவது மாடியில போய்க் கேளு. ராத்திரி பகலா என்னமோ உறுமுது. ஏதோ மெஷின் வெச்சிருக்காங்க."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக இதே பேச்சு. மாமா கட்டச் சொல்வார், அம்மா இழுப்பார், அத்தை தட்டுகளை எடுத்துக்கொண்டு போவார். அந்த மேசையில் நான் பொதுவாக வாயைத் திறப்பதில்லை. அன்று திறந்தேன்.

"அளந்து பாக்கலாமே, மாமா."

மாமா என்னை அப்போதுதான் கவனித்தவர் போலத் திரும்பினார். "விஞ்ஞானி பேசுது. சொல்லு."

நான் வேலை செய்வது அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஒரு ஆய்வுக்கூடத்தில். தராசு, வெப்பமானி, அழுத்தமானி எல்லாம் எங்களிடம் வரும். சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, முத்திரை ஒட்டி அனுப்புவோம். அங்கே உபயோகமில்லாமல் இரண்டு சிறிய மின் மீட்டர்கள் இருந்தன. கால் மணி நேரத்துக்கு ஒரு முறை எவ்வளவு மின்சாரம் போனது என்று பதிவு செய்துகொள்ளும். என் யோசனை இதுதான்: குடித்தனத்துக்கு ஒன்று. ஒரு வாரம் ஓடட்டும். வாடகை பேசியபோது ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு எட்டு யூனிட் என்று வைத்துத்தான் பேசியிருந்தார்கள். வாரச் சராசரி எட்டுக்குள் இருந்தால் பழையபடியே. தாண்டினால் அவர்களுக்குத் தனி மீட்டர், தனிக் கட்டணம்.

"இது நியாயம்" என்றார் மாமா.

அம்மாவும் தலையசைத்தார். ஒரு வாரம் தள்ளிப்போனதே அவருக்குப் போதும்.

யாருக்கும் சொல்லாமல் அளப்பது திருட்டு மாதிரி எனக்குப் பட்டது. அதனால் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். எந்தக் கிழமை தொடங்கும், எந்தக் கிழமை முடியும், எட்டு என்பது எப்படி வந்தது, தாண்டினால் என்ன. கையெழுத்து நன்றாக வரும்வரை இரண்டு முறை எழுதி, இரண்டாவது மாடிப் படிக்கட்டுச் சுவரில் மீட்டர்களுக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

*

திங்கட்கிழமை மாலை மீட்டர் முன்னால் நின்று பதிவுகளை மடிக்கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். டீச்சர் தோளில் பையுடன் ஏறி வந்தார்.

"இதுல எதுங்க எங்களோடது?"

"வலது பக்கம், அக்கா."

"பத்து புள்ளி நாலுன்னு காட்டுதே. அது என்ன கணக்கு?"

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து இப்போ வரைக்கும். ஒரு நாள்."

அவர் சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். பிறகு மீட்டரைப் பார்த்தார். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்துவதற்கு முன் அவர் குரல் கேட்டது. "பத்து வந்திருக்குப்பா. எட்டுக்குள்ள இருக்கணுமாம்."

முன்பக்கத்து அயர்ன்காரர் தலையை மட்டும் வெளியே நீட்டினார். "என்ன பாப்பா, எங்க மீட்டர் ஓடுதா, நடக்குதா?"

"ஓடுதுங்க. ஒன்பது."

"ஐயையோ." உள்ளே திரும்பி, "அடியே, அந்த லைட்டை அணை!" என்றார்.

மறுநாள் மாலை அவர்கள் வீடு இருட்டாகக் கிடந்தது. கணவனும் மனைவியும் படிக்கட்டில் பொது விளக்கின் கீழே தட்டுகளை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "கல்யாணமான புதுசுலகூட இவர் என்னை இப்படி வெளியில கூட்டிட்டு வந்து சாப்பிட வெச்சதில்ல" என்றார் அந்த அம்மாள். நான் சிரித்துக்கொண்டே தாண்டினேன். தாண்டும்போது காலில் ஒயர் தடுக்கியது. படிக்கட்டுச் சுவரில் நாங்கள் துளைக்கருவி செருகுவதற்காக வைத்திருந்த பிளக்கிலிருந்து ஒரு ஒயர் கிளம்பி, அவர் வீட்டுக் கதவிடுக்கு வழியாக உள்ளே போயிருந்தது. உள்ளே இருட்டில் இஸ்திரிப் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது.

அயர்ன்காரர் என் பார்வையைப் பார்த்துவிட்டார். "பொது பிளக்தானே பாப்பா" என்றார் மெதுவாக.

அந்தப் பிளக் எங்கள் கணக்கில் ஓடுவது. ஒயரைத் தாண்டி மீட்டர் பக்கம் போனேன். எட்டு என்று எழுதி ஒட்டினால் மனிதர்கள் எட்டுக்குள் வரப் பார்ப்பார்கள் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் எடைக்கல்லுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

பின்பக்கத்துப் பதிவுகள் வேறு மாதிரி இருந்தன. குளிர்சாதனப் பெட்டி தெரிந்தது. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். விளக்குகளும் தெரிந்தன. இவற்றுக்கெல்லாம் அடியில் முந்நூற்று முப்பது வாட், இரவும் பகலும் ஒரே கோடாக, அசையாமல். வெந்நீர் போடும் கருவி என்றால் சூடானதும் நிற்கும். இது நிற்கவில்லை. திங்கட்கிழமை முழுவதும் நிற்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பதினொன்றே முக்காலுக்கு நின்றது. நான்கு மணி நேரம் கழித்துத் திரும்ப வந்தது.

புதன்கிழமை எட்டரைக்கு நின்று, நான்கு மணிக்கு வந்தது. அன்றைய மொத்தம் ஏழு புள்ளி ஒன்பது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கீழே போய் அம்மாவிடம் சொன்னேன். "பாத்தியா, டீச்சர் சமாளிச்சிடுவா" என்றார் அம்மா.

ஆனால் டீச்சர் அன்று மாலை மீட்டரைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "ஏழு தொண்ணூறா? எப்படிங்க? நாங்க ஒண்ணும் குறைக்கலையே."

"தெரியலையே, அக்கா."

"உங்க மீட்டர் சரியாத்தான் காட்டுதா?"

"சரியாத்தான் காட்டும்."

அவர் சமாதானமாகவில்லை. நானும்தான். டீச்சர் எட்டரைக்குப் பள்ளிக்குக் கிளம்புகிறார். நாலே காலுக்குத் திரும்பி வருகிறார். அந்தக் கோடு அவர் போனதும் விழுகிறது. வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால் எழுகிறது.

*

வியாழக்கிழமை காலை ஒரு மருத்துவமனையிலிருந்து கருவிகள் வந்தன. இரத்த அழுத்தமானிகளுக்கு நடுவில், இடுப்பு உயரத்தில் சக்கரம் வைத்த ஒரு வெள்ளைப் பெட்டி. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் இயந்திரம். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று காட்டும் குழாயைச் சரிபார்க்க வேண்டும். பிளக்கைச் செருகி ஓடவிட்டேன்.

அது உறுமியது. நான்கு மாதமாக எங்கள் கூரைக்கு மேலே மெலிதாகக் கேட்டு, நாங்கள் கவனிக்காமல் விட்ட அதே உறுமல்.

குனிந்து அதன் பின்பக்கத் தகட்டைப் படித்தேன். முந்நூற்று முப்பது வாட்.

எழுந்து மேலாளரிடம் போய், வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் காரணம் கேட்கவில்லை. பேருந்தில் உட்கார இடம் இருந்தது. உட்காரவில்லை. மணி பத்து நாற்பது. எட்டரையிலிருந்து இரண்டு மணி பத்து நிமிடம். நேற்று ஏழரை மணி நேரம் டீச்சருடைய அப்பா இயந்திரம் இல்லாமல் இருந்தாரே, இன்றும் இருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேற்று இருந்தார் என்பதால் இன்றும் இருப்பார் என்று எந்தக் கருவிக்கும் நாங்கள் முத்திரை ஒட்டுவதில்லை.

படிகளை இரண்டிரண்டாக ஏறினேன். வலது பக்க மீட்டர் நாற்பது வாட் காட்டியது. குளிர்சாதனப் பெட்டியைக்கூட அணைத்திருக்கிறார்.

கதவைத் தட்டினேன். சத்தமில்லை. மறுபடி தட்டினேன்.

"ஐயா! கீழ் வீட்டுப் பொண்ணு. மீட்டர் பாக்க வந்திருக்கேன்."

நாற்காலி இழுபடும் ஓசை. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு தாழ்ப்பாள்.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். தோள்கள் இன்னும் அகலமாக இருந்தன. மூச்சு விடும்போது கழுத்து நரம்புகள் உள்ளே இழுத்தன. உதடு நீலமாக இருந்தது.

"மீட்டர்... வெளியிலதானே... இருக்கு."

"உக்காருங்க ஐயா."

அவர் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி. மேலே ஒரு போர்வை போட்டு மூடியிருந்தது. போர்வையை இழுத்துப் போட்டு, சுவிட்சை அழுத்தினேன். உறுமியது. மூக்கில் வைக்கும் குழாய் அதன் கைப்பிடியில் சுற்றியிருந்தது. பிரித்துக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"வேணாம் பாப்பா... நாலு மணிக்குப் போட்டுக்கறேன்."

"இப்பவே போடுங்க."

"எட்டைத்... தாண்டிடும்."

நான் அவர் மூக்கில் குழாயை வைத்தேன். ஒரு அந்நிய ஆளின் முகத்தை இவ்வளவு பக்கத்தில் தொட்டது அதுதான் முதல் முறை. தலையணைக்குப் பக்கத்தில் இரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும், விரலில் மாட்டும் சிறிய அளவி இருந்தது. அதை எடுத்து அவர் சுட்டு விரலில் மாட்டினேன். எழுபத்தெட்டு. தொண்ணூறுக்குப் பக்கத்திலாவது இருக்க வேண்டியது.

அந்த எண்ணை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுபத்தொன்பது. எழுபத்தெட்டு. எண்பது. வெளியே யாரோ இரண்டு சக்கர வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். எண்பத்து நான்கு. கால் மணி நேரம் கழித்து எண்பத்தொன்பதில் நின்றது. அவர் உதட்டின் நிறம் மெல்லத் திரும்பியது.

"டாக்டர் எவ்வளவு நேரம் போடச் சொன்னாரு?"

"எப்பவும்." அவர் சிரிக்கப் பார்த்தார். "டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நான் லாரி ஓட்டும்போது மலை இறக்கத்துல இன்ஜினை அணைச்சிட்டு வண்டியை விடுவோம். டீசல் மிச்சம்."

"பிரேக் பிடிக்குமா?"

"பிடிக்காது. ஆனா முதலாளிக்குத் தெரியாது."

நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திவிட்டார்.

"சனி, ஞாயிறு பொண்ணு வீட்டுல இருப்பா. அணைக்க முடியாது. திங்கக்கிழமை வேற பத்தாயிடுச்சு. அதையெல்லாம் இந்த நாலு நாள்ல இழுத்துப் பிடிக்கணும்ல? அதான் இன்னிக்கு ஃப்ரிட்ஜும் சேத்து." விரல் விட்டுக் கணக்குப் போட்டிருந்தார். "அவ ஸ்கூல் முடிஞ்சு வந்து ராத்திரி வரைக்கும் ட்யூஷன் எடுக்கறா பாப்பா. தொண்டை கட்டிப் போயிடுது. இன்னொரு பில்லு வந்தா எங்க போவா? போன வீட்டுல நான் இருமுறேன்னு காலி பண்ண வெச்சாங்க. அதான் மெஷின் வந்ததை இங்க சொல்லல. அவகிட்ட ஒண்ணும் சொல்லிடாத."

"ஐயா, இது ரொம்ப ஆபத்து."

"நாலே நாளு. நீதானே எட்டுன்னு எழுதி ஒட்டின?"

குற்றம் சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. எனக்கு ஒரு விவரம் தருவது போலத்தான் சொன்னார்.

நான் எழுந்து போகவில்லை. போனால் அணைத்துவிடுவார் என்று தெரியும். அவர் ஒரு கட்டத்தில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலே காலுக்கு டீச்சர் வந்தார். என்னைப் பார்த்தார், போர்வை எடுத்த பெட்டியைப் பார்த்தார், அவசரமாகக் கதவைச் சாத்தினார்.

"உங்க மாமா சார்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லைக்கா. நீங்க ஸ்கூல் போனதும் ஐயா மெஷினை அணைச்சிடறாரு. செவ்வாய்க்கிழமையிலேர்ந்து. நான் வந்தப்போ எழுபத்தெட்டு இருந்துச்சு."

டீச்சர் பையைக் கீழே வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். பெரியவர் விழித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்பா."

"ஒண்ணும் ஆகலம்மா. சும்மா கொஞ்ச நேரம்..."

"பணம் கட்டறது என் வேலைப்பா. மூச்சு விடறது ஒண்ணுதான் உங்க வேலை. அதை ஒழுங்கா செய்ய முடியாதா உங்களால?" குரல் உடைந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க அளந்தது போதுங்க. தயவு செஞ்சு கீழ போங்க."

நான் போனேன். படிக்கட்டுச் சுவரில் இருந்த தாளை, பசையோடு சுண்ணாம்பும் பெயர்ந்து வர, கிழித்து எடுத்தேன். மீட்டர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

மறுநாள் டீச்சர் பள்ளிக்குப் போகவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை மாமா மேசையில் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார். "என்ன விஞ்ஞானி, ரிசல்ட் வந்தாச்சா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நாளாக மனதில் ஒத்திகை பார்த்த வரிசையில் வரவில்லை. பெட்டி, எழுபத்தெட்டு, அயர்ன்காரரின் ஒயர், ஃப்ரிட்ஜ் என்று முன்னும் பின்னுமாக வந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

மாமா முதலில் அயர்ன்காரர் விஷயத்தைத்தான் பிடித்தார். "என் பிளக்ல மாட்டி ஊரான் சட்டையெல்லாம் தேச்சானா?" பிறகு மற்றது உறைத்தது. "நாலு மாசமா வீட்டுக்குள்ள ஆஸ்பத்திரி மெஷின் வெச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லல. நான் உறுமுது உறுமுதுன்னு சொன்னப்போ என்னை என்னமோ லூசு மாதிரி பாத்தீங்க."

"அண்ணா..."

"இரும்மா. இப்போ தெளிவாயிடுச்சு. பத்து யூனிட் ஆகுது. உடம்புக்கு வேணும், நான் வேணாங்கல. அதுக்குண்டானதை அவங்க கட்டட்டும். மீட்டர் ஏற்கெனவே மாட்டியாச்சு. அப்படியே இருக்கட்டும்."

"மீட்டர் வேணாம் மாமா" என்றேன்.

"நீதானே மாட்டின?"

"ஆமா. தப்பாயிடுச்சு."

"மீட்டர் தப்பாவா காட்டுது?"

"இல்ல. சரியாத்தான் காட்டுது. அதான் பிரச்சினை." தண்ணீர் குடித்தேன். "மீட்டர் இருந்தா அவர் அணைப்பாரு மாமா. ஒரு மணி நேரம் அணைச்சா இவ்வளவு மிச்சம்னு அவருக்குக் கணக்குத் தெரியும். டீச்சர் எவ்வளவு திட்டினாலும், அவங்க படியிறங்கினதும் அணைப்பாரு. யாரும் பாக்க முடியாது."

"அப்போ நான் என்ன பண்ணணுங்கற? சும்மா குடுக்கணுமா?"

"வாங்குங்க. மாசம் இவ்வளவுன்னு ஒரே தொகையா வாடகையில ஏத்துங்க. அணைச்சாலும் அதே, போட்டாலும் அதேன்னா, அவர் எதுக்கு அணைக்கப் போறாரு?"

மாமா நாற்காலியில் சாய்ந்தார். "நல்லா இருக்கே. அப்போ கம்மியா செலவு பண்றவன் ஏமாளி. அயர்ன்காரன் நாள் பூரா தேய்ப்பான், நான் சிரிச்சிட்டு பில்லு கட்டணும். நாளைக்கு இன்னொருத்தன் வந்து ஏ.சி. மாட்டுவான். நான் என்ன மூச்சை நிறுத்தவா சொன்னேன்? கட்டுங்கன்னுதானே சொல்றேன்! ஊர்ல எல்லா வீட்டுலயும் கட்டலையா?"

அவர் சொன்னதில் பாதி சரி.

தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அத்தை நிறுத்தினார். "எங்கப்பா கடைசி வருஷம் மாத்திரையைப் பாதியா உடைச்சு உடைச்சுச் சாப்பிட்டாரு" என்றார், மாமாவைப் பார்க்காமல். "நீங்கதான் வாங்கிக் குடுத்துட்டிருந்தீங்க. மருமகன் காசாச்சேன்னு. செத்த பிறகு தலையணை உறைக்குள்ள அரை அரையா இருந்துச்சு."

மாமா திடுக்கிட்டு நிமிர்ந்தார். "என்கிட்ட சொல்லவே இல்லையே நீ."

"சொல்லி?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அண்ணா, தனி மீட்டருக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அம்மா மாமாவிடம் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. மாமாவும் கேட்டிருக்க மாட்டார். அவர் எழுந்து ஜன்னல்வரை போனார். திரும்பி வந்தார். ரசீதை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அந்த டீச்சரைக் கூப்பிடு."

டீச்சர் வந்து கதவோரமாகவே நின்றார். அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. காலி பண்ணச் சொல்லப் போகிறார்கள் என்று முடிவு செய்துகொண்டு வந்தவரின் முகம்.

"வாடகையை ஏத்தப் போறேன்" என்றார் மாமா. "ரெண்டு குடித்தனத்துக்கும். மீட்டர் கிடையாது. மாசம் எழுநூறு அதிகம்."

"ஐந்நூறு" என்றார் அம்மா.

மாமா தங்கையை முறைத்தார். "ஐந்நூத்தம்பது. அதுக்கு மேல குறைக்க முடியாது. கடையை மூடிட்டுத்தான் போகணும்."

டீச்சர் தரையைப் பார்த்தார். உதடுகள் லேசாக அசைந்தன. எத்தனை பிள்ளைகள், எத்தனை மணி நேரம் என்று எண்ணுகிறார் என்று நினைத்தேன்.

"இந்த வருஷத்துக்குள்ள மறுபடி ஏத்துவீங்களா?"

"மாட்டேன்."

"அப்போ சரிங்க சார்."

"மறைச்சீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கல" என்றார் மாமா.

"சொல்லியிருந்தா இருக்க விட்டிருப்பீங்களா சார்?"

மாமா உப்பு ஜாடியை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். டீச்சர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மேலே போனார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

அன்று மாலையே மீட்டர்களைக் கழற்றி, படிக்கட்டுப் பிளக்கில் ஒரு பூட்டும் போட்டார் மாமா. அயர்ன்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஐந்நூத்தம்பது கட்டறேன்ல சார், ஒரு லைட்டு போட்டுக்கலாமா?" என்று கேட்டார். மாமா திரும்பிப் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டார்.

*

திங்கட்கிழமை எட்டரைக்கு டீச்சர் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. இறங்குவது, நிற்பது, மறுபடி இறங்குவது. நின்ற இடத்தில் மேலே திரும்பிப் பார்த்திருப்பார்.

எனக்கும் கிளம்பும் நேரம். செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். ஒரு வாரமாக என் மடிக்கணினியில் அந்தக் கோடு இருந்தது; அவர் அணைத்தால் தெரியும், போட்டால் தெரியும். இன்று ஒன்றுமே தெரியாது. தெருவில் குப்பை வண்டி நின்று அலறிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தில் கூரைக்கு மேலே எதுவும் கேட்கவில்லை.

கீழே போக வேண்டியவள் மேலே ஏறினேன். சுவரில் தாள் இருந்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து சதுரமாகத் தெரிந்தது. கதவைத் தட்டினேன்.

இந்த முறையும் நேரம் ஆனது. நாற்காலி இழுபட்டது. செருப்பில்லாத கால்கள் நின்று நின்று வந்தன. தாழ்ப்பாள் திறந்தது.

அவர் மூக்கில் குழாய் இருந்தது. அது அவர் தோள் வழியாகப் பின்னால் நீண்டு அறைக்குள் போயிருந்தது.

"என்ன பாப்பா" என்றார், மூச்சு வாங்க. "மீட்டரைக் கழட்டிட்டு... நீயே வந்துட்டியா?"

"ஆமா ஐயா."

"என் பொண்ணு அனுப்பினாளா?"

"இல்ல. அவங்க என்கூடப் பேசறதில்ல."

"பேசுவா. என்கிட்டயே நேத்துலேர்ந்துதான் பேசறா." அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுத்தார். "நாளைக்கும் வருவியா?"

நான் பதிலை யோசித்தேன். தினமும் இந்தப் பேருந்தை விட்டால் கால் மணி நேரம் தாமதம். மேலாளரிடம் சொல்ல வேண்டும்.

"வருவேன்."

"அப்போ எட்டரைக்கு மேல தாப்பா போடாம வைக்கிறேன். நீ பாட்டுக்கு உள்ள வந்து பாத்துட்டுப் போ. ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சு வந்து திறக்க எனக்கு ஆகாது."

சொல்லிவிட்டு அவர் திரும்பி, குழாயைக் கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கட்டிலை நோக்கி மெதுவாக நடந்தார். அவர் உட்காரும்வரை நான் வாசலில் நின்றேன்.